ஊதா மூக்கு அம்பு

அத்தியாயம் 9

“யாரோ அம்பை மாத்திட்டாங்க!”

டெபுடி நீல் பாஷ் அலறிய அலறலில் அவன் கையிலிருந்த காபி பாதி மேஜைக்கும் பாதி சட்டைக்கும் போனது. காலை ஒன்பது மணி. ஷெரிஃப் அலுவலகத்தில் நாங்கள் மூன்று பேர்தான் இருந்தோம். நீல், என் முதலாளி லூவெல்லா ஹாஸ்கெட், அப்புறம் வேட் ரென்ஃப்ரோவாகிய நான். லூவெல்லா துப்பறிகிறவர். நான் அவருக்கு வண்டி ஓட்டி, கதவு தட்டி, வேண்டாத இடத்தில் வாயைத் திறந்து பிழைப்பு நடத்துகிறவன்.

“கத்தாதே, நீல். என்ன மாறியிருக்கு?” என்றார் லூவெல்லா.

“நீங்களே பாருங்க மேடம். இது அன்னைக்குக் காட்டுல நான் எடுத்த போட்டோ. அம்போட முன்பக்கம் பழுப்பு. காய்ஞ்ச சேறு மாதிரி. இப்போ பாருங்க, ஊதா! கத்தரிக்காய் கலர்!”

நான் பார்க்கவில்லை. சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். செப்டம்பர் மாதத்துக்கு ஒரு மஞ்சள் டிராக்டர் போட்டிருந்தார்கள். அந்த அம்பு பதினொரு நாளைக்கு முன்னால் என் அண்ணன் டெல்லின் நெஞ்சிலிருந்து எடுக்கப்பட்டது.

யாரும் உச்சுக்கொட்ட வேண்டாம். எனக்கே ஒன்றும் தோன்றவில்லை. பல் டாக்டர் மரத்துப்போக ஊசி போட்ட பிறகு கன்னத்தைக் கிள்ளிப் பார்ப்போமே, அப்படித்தான் பதினொரு நாளும் போயிற்று. சாப்பிட்டேன், தூங்கினேன், சவப்பெட்டி தூக்கினேன். வாய் மட்டும் வழக்கம்போல் வேலை செய்தது.

“ஆள் மாறாட்டம் கேள்விப்பட்டிருக்கேன். அம்பு மாறாட்டம் இப்பத்தான் கேக்கிறேன்,” என்றேன் டிராக்டரிடம்.

“நீ சும்மா இருடா,” என்றான் நீல். நானும் அவனும் ஒரே பள்ளிக்கூடத்தில் ஒரே வகுப்பில் ஒன்றாக ஃபெயிலானவர்கள். அந்த உரிமை.

வழக்கு இதுதான். எங்கள் கடலோர மலைப்பக்கத்து வில் வேட்டைக்காரர்களுக்குள் ஒரு கட்டு உண்டு. எல்க் மானுக்கு முதல் ரத்தம் யார் அம்பால் வந்ததோ, மான் அவனுடையது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஓரின் சல்மியின் அம்பு ஒரு பெரிய கடா எல்க்கின் தோளில் பட்டு முறிந்தது. ஓடிய எல்க்கை டெல்லின் அம்பு சாய்த்தது. ‘உன் அம்பு தோல்ல பட்டுத் தெறிச்சுது, ரத்தமே வரல’ என்று சாதித்து டெல் தன் வேட்டை அனுமதிச் சீட்டைக் கொம்பில் கட்டிவிட்டான். இருபது வருஷச் சிநேகிதம் அன்றோடு போச்சு.

இப்போது ஓரினின் அடையாளமான இரண்டு பச்சைப் பட்டையும் ஒரு மஞ்சள் பட்டையும் போட்ட அம்பு டெல்லின் நெஞ்சில். அதுவும் ஓரினின் கூடாரத்திலிருந்து அரை மைலில். நீலுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? ஓரினைத் தூக்கி உள்ளே வைத்துவிட்டான். இன்று மதியம் இரண்டு மணிக்கு நீதிபதி முன்னால் கொலைக் குற்றம் சாட்டப் போகிறார்கள். சாட்டிவிட்டால் அந்த மனிதர் அப்புறம் வெளியே வருவது சந்தேகம்.

ஓரினின் மனைவி வந்து லூவெல்லாவை அமர்த்தியபோது, “நீ இந்த வழக்குக்கு வர வேண்டாம், வேட்,” என்றார் லூவெல்லா. “வீட்டுல உட்கார்ந்தா சுவரைத்தான் பாக்கணும் பாஸ்” என்று கிளம்பி வந்துவிட்டேன். ஓரின் தப்ப வேண்டுமா, மாட்ட வேண்டுமா என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். இரண்டும் ஒன்றாகத்தான் தெரிந்தது.

“அம்பை எங்கே வெச்சிருந்தே, நீல்?”

“ஜன்னல்ல.”

“கொலைக்கான ஆதாரத்தையா?”

“அலமாரி இருபத்தெட்டு அங்குலம் மேடம். அம்பு முப்பது. நான் என்ன பண்ணட்டும், மடிச்சா வைக்கட்டும்?”

லூவெல்லா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்தால் எதையோ பிடித்துவிட்டார் என்று அர்த்தம்.

“அம்பு மாறல. மரம்தான் மாறியிருக்கு. இது ஒட்டுப்போட்ட அம்பு, தெரியுதா?”

நீலுக்குத் தெரியாது. அவன் துப்பாக்கிக்காரன். சீடர் மரத்தில் செய்த அம்பு லேசாக இருக்கும், நேராகப் பறக்கும், ஆனால் எலும்பில் பட்டால் முனைக்குப் பின்னால் முறியும். அதனால் முன்பக்கம் ஒரு சாண் நீளத்துக்குக் கெட்டி மரத்தை ஒட்டுவார்கள். சீடர் தண்டை ஆப்புப்போல் சீவி, கெட்டி மரத்தைக் குறுக்கும் நெடுக்குமாகப் பிளந்து, அதற்குள் செருகிப் பசை போட்டு, காய்ந்ததும் உருட்டி இழைப்பார்கள். இழைத்து முடித்தால் கெட்டி மரம் நான்கு கூர்மூக்காகத் தண்டின் மேல் ஏறி நிற்கும்.

“இந்த ஒட்டு ஊதா மரம். கப்பல்ல வர்ற மரம்,” என்றார் லூவெல்லா. “அறுத்த அன்னைக்குப் பழுப்பா, சோகையா இருக்கும். வெளிச்சம் பட்டுப் பட்டு நாளாக நாளாக ஊதா ஏறும். நீ ஜன்னல்ல வெச்சு அதுக்கு வெயில் காட்டியிருக்கே. போட்டோ எடுத்தப்போ பழுப்புன்னா என்ன அர்த்தம்? ஒட்டுப் போட்டு அப்போ ஒரு நாளோ ரெண்டு நாளோதான் ஆகியிருக்கு.”

“இருக்கட்டும். அதனால?”

“ஓரின் அதுக்கு முன்னால ஆறு நாளா கூடாரத்துல இருந்தார். ரம்பமும் இல்ல, இழைப்புளியும் இல்ல. அதோட, மிர்ட்டில் மரத்தைத் தவிர வேற எதையும் அவர் ஒட்டமாட்டார். ஊருக்கே தெரியும்.”

“வேற யாராவது செஞ்சு குடுத்திருப்பாங்க,” என்றான் நீல்.

“அதேதான். அந்த யாரோ யாருன்னு பார்த்துட்டு வரோம்.”

போகும் வழியில் லாக்கப்பைத் தாண்டித்தான் போக வேண்டும். ஓரின் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். ஆறடி மூன்றங்குல மனிதர், மடித்து வைத்த மாதிரி இருந்தார். லூவெல்லா கம்பிக்கு அருகில் போனார்.

“அந்த அம்பைப் பத்தி இன்னொரு தடவை சொல்லுங்க, ஓரின்.”

“எத்தனை தடவை சொல்றது? பின்பக்கம் என்னுது. அந்த எல்க் தோள்ல முறிஞ்ச அம்பு. முறிஞ்சு விழுந்ததை டெல்தான் எடுத்துட்டுப் போனான். முன்பக்கம் எதுன்னு எனக்குத் தெரியாது.” அவர் என்னைப் பார்க்காமலே கேட்டார். “வேட், நீ நம்புறியா?”

“நான் வண்டி ஓட்டறவன் ஓரின். நம்பறதெல்லாம் பாஸ் டிபார்ட்மென்ட்.”

அவர் தலையை ஆட்டினார். கோபித்துக்கொண்டிருக்கலாம். கோபித்துக்கொள்ளவில்லை.

எங்கள் பக்கத்தில் ஊதா மரம் வைத்திருப்பது படகுப் பட்டறை இங்கா ஒருத்தர்தான். பத்தரை மணிக்குப் போனபோது ஒரு சால்மன் படகைக் கவிழ்த்துப் போட்டு அதன் வயிற்றில் தார் பூசிக்கொண்டிருந்தார். எழுபது வயது. கையில் பிரஷ் இருக்கும்போது யாரையும் நிமிர்ந்து பார்க்கமாட்டார்.

“ஊதா மரமா? துண்டு துக்கடா நிறைய கெடக்கு. யாருக்கு வேணும்?”

“வேண்டாம். சமீபத்துல யார் வாங்கிட்டுப் போனாங்கன்னு சொன்னா போதும்,” என்றார் லூவெல்லா.

“ஒரே ஒரு ஆள். இந்த மாசம் முதல் வாரம். ஒரு முழம் பட்டை. ‘உடையவே உடையாத மரம் எது இங்கா?’ன்னு கேட்டான். ‘என் வாய்தான்’னேன். சிரிச்சான்.” இங்கா இப்போது நிமிர்ந்தார். என்னைப் பார்த்ததும் பிரஷ் நின்றது. “ஏம்பா, இவங்களுக்கு நீ சொல்லலையா?”

“எதை?”

“உங்க அண்ணன்தானே வாங்கிட்டுப் போனான். டெல்.”

லூவெல்லா இங்காவுக்கு நன்றி சொன்னார், நான் போய் வண்டியை எடுத்தேன். சாவியை இரண்டு தடவை தப்பான பக்கம் திருப்பினேன்.

கொஞ்ச தூரம் போனதும் லூவெல்லா கேட்டார்: “டெல் உன்கிட்ட கடைசியா எப்போ பேசினார்?”

“முந்தின நாள் சாயங்காலம். போன்ல. ‘வாடா, ஒரு கை தேவைப்படுது’ன்னான். பேஸ்பால் ஓடிட்டிருந்துச்சு. ‘உனக்குத்தான் ரெண்டு கை இருக்கே’ன்னு வெச்சுட்டேன்.”

“எதுக்குக் கைன்னு கேக்கலையா?”

“கேக்கல பாஸ். ஒன்பதுல முடியாம பன்னிரண்டாவது இன்னிங்ஸ் ஓடிட்டிருந்துச்சு.”

டெல்லின் கராஜை நான் பதினொரு நாளாகத் திறக்கவில்லை. கதவைத் தூக்கியதும் சீடர் வாசனை அடித்தது. ஈரமான நாளில் அது பென்சில் சீவின மாதிரி மூக்கில் ஏறும். உள்ளே எல்லாம் வைத்தது வைத்தபடி இருந்தது. ஜன்னல் ஓரமாகப் பெஞ்சில் சுருள் சுருளாக மரச்சீவல், அத்தனையும் நல்ல ஊதா. லூவெல்லா அங்கே கிடந்த பழைய செய்தித்தாளை ஒரு விரலால் தூக்கினார். அடியில் கிடந்த சீவல் பழுப்பு.

“இங்கதான் செஞ்சிருக்கார். உங்க அண்ணன் கையால.”

மேலே உத்தரத்தில் ஒரு கம்பிக் கொக்கி தொங்கியது. அதற்கு நேர் கீழே தரையில் வார்னிஷ் சொட்டி இறுகிக் கிடந்தது. பெஞ்சின் கோடியில் ஒரு புகையிலை டப்பா. லூவெல்லா திறந்து என் பக்கம் நீட்டினார். உள்ளே விரல் நீளத்துக்கு முறிந்த அம்புத்துண்டு. மஞ்சள் மிர்ட்டில் மரம். முறிந்த இடம் வரைக்கும் கறுத்த ரத்தம்.

எனக்குப் புரிந்துவிட்டது. அந்த எல்க்கை அறுத்தபோது டெல் இதைத் தோள் எலும்புக்குள்ளிருந்து எடுத்திருக்கிறான். ஓரினின் அம்பு தெறிக்கவில்லை. ஆழமாக இறங்கியிருக்கிறது. முதல் ரத்தம் ஓரினுடையது. அது தெரிந்தும் இரண்டு வருஷம் வாயைத் திறக்காமல் டப்பாவில் போட்டு மூடி வைத்திருக்கிறான் என் அண்ணன்.

“திருப்பிக் குடுக்கப் போயிருக்கான்,” என்றேன். “முறிஞ்ச அம்புக்குப் புது ஒட்டுப் போட்டு. மன்னிப்புக் கேக்க அவனுக்கு வாய் வராது. கை வரும்.”

“சரி. ஆனா முனையில கத்தி எதுக்கு? மன்னிப்புக் கேக்கப் போறவர் தீட்டின முனையோடவா போவார்?”

“நம்ம பக்கத்து வழக்கம் பாஸ். அடுத்தவன் அம்பைத் திருப்பிக் குடுக்கிறப்போ அப்படியே வேட்டைக்குப் போற மாதிரி குடுக்கணும். மொட்டையா குடுத்தா அவமானம்.”

லூவெல்லா கடிகாரத்தைப் பார்த்தார். பன்னிரண்டேகால்.

“வேட், இது போதாது. நீல் என்ன சொல்வான் தெரியுமா? ‘டெல் அம்பைக் குடுத்தார், ஓரின் வாங்கினார், பழைய ஆத்திரத்துல அதையே நாணேத்தி அடிச்சார்.’ கதை முன்னைவிட நல்லா இருக்கும். இதை இப்படியே கொண்டுபோனா நாமளே ஓரினை முடிச்சுடுவோம்.”

“அப்போ கொண்டுபோக வேண்டாம்.”

“வேற வழி ஒண்ணுதான் இருக்கு. நீ இன்னும் அந்த அம்பைப் பாக்கல. காலண்டரைத்தான் பார்த்தே. டெல்லோட கைவேலையில எது சரி, எது கோணல்னு தெரிஞ்ச ஒரே ஆள் நீதான்.” அவர் குரலை உயர்த்தவும் இல்லை, தாழ்த்தவும் இல்லை. “பாக்க முடியாதுன்னா சொல்லு. நான் திட்ட மாட்டேன்.”

“டிராக்டரும் போரடிச்சுப் போச்சு பாஸ். வாங்க போகலாம்,” என்றேன்.

ஒரு மணிக்கு நீலின் மேஜையில் கண்ணாடிப் பைக்குள் அம்பு கிடந்தது. குனிந்து பார்த்தேன்.

ஊதா ஒட்டின் நான்கு மூக்கில் ஒன்று மற்றதைவிட நகக்கண் அளவு குட்டை. டெல்லுக்கு ரம்பம் எப்போதும் கடைசியில் இடப்பக்கம் இழுக்கும். ‘நாலு பல்லுல ஒண்ணு விழுந்துருச்சு’ என்று நான் கிண்டல் செய்வேன். தண்டு முழுக்கப் புது வார்னிஷ் பூசியிருந்தான். ஒட்டுப் போட்ட இடத்துக்கு மட்டும் பூசினால் போதும். ஓரினின் பச்சைப் பட்டையின் மேலும், மஞ்சள் பட்டையின் மேலும், இறகின் அடி வரைக்கும், பழசு தெரியக் கூடாதென்று முழு அம்புக்கும் பூசியிருந்தான். அந்த வார்னிஷில் இரண்டு மூன்று ஃபர் மரத்து ஊசியிலைகள் பதிந்து இறுகியிருந்தன.

எனக்கு ஒன்றும் ஆகவில்லை. அம்பின் பின்கோடிக்கு வந்தேன். நாண் உட்காரும் பிளவு. அங்கேதான் கண் நின்றது.

“நீல்,” என்றேன், “ஷெரிஃப்போட வில் உள்ளே மாட்டியிருக்குமே. அதை எடுத்துட்டு வா.”

“எதுக்குடா?”

“வாசிக்கத்தான். எடுத்துட்டு வாடா.”

கொண்டுவந்தான். கையுறை மாட்டிக்கொண்டு அம்பைப் பையிலிருந்து எடுக்கச் சொன்னேன். “இப்போ நாண்ல வை.”

நீல் வைத்தான். உட்காரவில்லை. திருப்பி வைத்தான். நாண் வழுக்கி வெளியே வந்தது. அழுத்தப் போனவனின் கையை லூவெல்லா பிடித்துக்கொண்டார்.

“உள்ளே என்ன இருக்கு பாரு,” என்றேன்.

பிளவுக்குள் வார்னிஷ் ஒரு துளியாகத் திரண்டு இறுகி, பட்டாணி மாதிரி அடைத்துக்கொண்டிருந்தது. மழமழவென்று, ஒரு கீறல் இல்லாமல்.

“அம்பைப் பின்பக்கம் கீழே இருக்கிற மாதிரி தொங்கவிட்டா வார்னிஷ் வழிஞ்சு இந்தப் பிளவுல வந்து நிக்கும். ஈரமா இருக்கிறப்பவே நூல் விட்டு இழுத்து எடுத்துடணும். எல்லாருக்கும் தெரியும். எங்க அண்ணன் ஒவ்வொரு தடவையும் மறந்துடுவான். முப்பது வருஷமா மறந்தான்.”

“இரு, இரு. அன்னைக்கு இது காயாம இருந்திருக்கும்ல? ஈரமா இருந்தா நாண் உள்ளே போயிருக்குமே?” என்றான் நீல். பரவாயில்லை, மூளை இருந்தது.

“போயிருந்தா தடம் இருக்கும்,” என்றார் லூவெல்லா. “ஈரச் சிமென்ட்ல நாய் நடந்தா கால் பதியாம இருக்குமா? இதுல நாண் பட்ட தடம் ஒரு நூல் அளவுகூட இல்ல. இந்த அம்பு ஓரின் வில்லுலயும் ஏறல, எவன் வில்லுலயும் ஏறல.”

“ஏறாத அம்பு எப்படி மேடம் நெஞ்சுல…”

நீல் நிறுத்திக்கொண்டான். மிச்சத்தை நான்தான் சொன்னேன்.

“கடலோரத்துப் பனியில வார்னிஷ் ராத்திரியில காயாது. பிசுபிசுன்னு இருக்கிற அம்பை அம்பறாத்தூணியில போட்டா பூச்சு போயிடும். அதான் கையில பிடிச்சுட்டுப் போயிருக்கான், அந்த இலையெல்லாம் அப்போ ஒட்டினதுதான். அவன்கிட்ட வில்லே இல்லைன்னு நீதானே எழுதினே? சமாதானத்துக்குப் போறவன் வில் எடுத்துட்டுப் போகமாட்டான். அவன் கிடந்த இடத்துல சாஞ்சிருந்த மரத்து மேல பாசி வழிச்சு இருந்துச்சே, அது ஓரின் ஓடின தடம்னு எழுதியிருக்கே. அது டெல்லோட பூட்ஸ். ஏறினான், வழுக்கினான், கையில இருந்த அம்பு மேலயே விழுந்தான். அவ்வளவுதான்.”

நீல் அம்பைப் பைக்குள் வைத்தான். ரொம்ப மெதுவாக வைத்தான். பிறகு அரசு வக்கீலுக்குப் போன் போட்டான். “சார், ரெண்டு மணி விஷயத்தை நிறுத்துங்க” என்று அவன் சொன்னபோது கடிகாரத்தில் ஒன்று முப்பத்தைந்து.

ஓரினை வெளியே கூட்டிவந்தார்கள். கையெழுத்துப் போடச் சொன்ன இடத்தில் போட்டார். பையிலிருந்த அம்பைப் பார்த்ததும் பேனாவைக் கீழே வைத்தார்.

“ஒரு மூக்கு குட்டை,” என்றார்.

“எப்பவும்போல,” என்றேன்.

“எனக்கா கொண்டுவந்தான்?”

“ஆமா. அந்த எல்க் உங்களுதுதான். முறிஞ்ச முனையை எலும்புக்குள்ள இருந்து எடுத்து வெச்சிருந்தான். எங்க யாருக்கும் தெரியாது.”

அவர் அம்பிருந்த பையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அப்புறம் கேட்டார்: “தீட்டியிருந்தானா?”

“தீட்டியிருந்தான். ரோமம் மழிக்கிற மாதிரி.”

“மொட்டையா கொண்டுவந்திருக்கலாமேடா,” என்றார் ஓரின், அம்பைப் பார்த்து. “நான் ஒண்ணும் நினைச்சிருக்க மாட்டேனே.” அந்த ஆறடி மனிதர் நீலின் நாற்காலியில் உட்கார்ந்து, முகத்தை மூடிக்கொண்டு சத்தம் போட்டு அழுதார். அவருடைய மனைவி வந்து சேரும் வரைக்கும் நீல் அவர் தோளில் கையை வைத்துக்கொண்டு நின்றான். நான் அவர் அழுவதைப் பார்த்தேன். பொறாமையாகத்தான் இருந்தது.

வண்டியில் ஏறியும் நான் சாவியைப் போடவில்லை. லூவெல்லாவும் போகச் சொல்லவில்லை.

“பாஸ், இந்தத் தடவை அவன் மறக்கல. அந்த நூல் விடுற வேலையை ஒரு ஆளால பண்ண முடியாது. ஒருத்தர் அம்பைப் பிடிச்சுக்கணும், இன்னொருத்தர் நூலை இழுக்கணும். நான்தான் எப்பவும் இழுப்பேன்.”

“ம்.”

“அதுக்குத்தான் கை கேட்டிருக்கான்.”

“ம்.”

“அன்னைக்கு நான் போயிருந்தா, பூச்சு காயலடா, நாளைக்குப் போன்னு சொல்லியிருப்பேன். இருந்திருப்பான்.”

“இருந்திருக்கலாம்.”

“சொல்லாம நூலை மட்டும் இழுத்துட்டு வந்திருந்தேன்னா? அவன் விழுந்திருப்பான், பிளவு சுத்தமா இருந்திருக்கும். ஓரின் உள்ளேயே கிடந்திருப்பார்.”

“ஆமா.”

“இதுல எதுக்கு நான் வருத்தப்படணும்னு சொல்லுங்க பாஸ்.”

லூவெல்லா முன் கண்ணாடியைத் துடைத்தார். வெளியே மழை தூற ஆரம்பித்திருந்தது, துடைத்துப் பிரயோஜனமில்லை. “தெரியலப்பா,” என்றார்.

பல் பிடுங்கிய அன்று டாக்டர் சொன்னார், மரத்தது தெளியும்போது வலி முதலில் கடைவாயில்தான் தெரியும் என்று. எனக்கு இரண்டு கையிலும்தான் முதலில் தெரிந்தது. சாவியைத் துவாரத்தில் வைத்துப் பார்த்தேன், உட்காரவில்லை. “பாஸ்,” என்றேன், “நீங்க ஓட்டுறீங்களா?”